கடலை எண்ணியவர்களும், எண்ணக் காசு கொடுத்தவர்களும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். சொந்தமாக ஒரு வல்லம் வைத்திருக்கிறான். மீன்பாடு இல்லாத நாட்களில், கடல் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களைத் தீவுப் பக்கம் ஏற்றிக்கொண்டு போவானாம்.

"சிலிண்டரை மாட்டிக்கிட்டு உள்ள போறாங்க டீச்சர். டேப்பை விரிச்சுப் போட்டு, அதுக்குக் கீழ என்னென்ன கெடக்குன்னு எழுதிட்டு வாராங்க. நாள் பூரா இதே வேலைதான். எண்ணி என்ன ஆவப்போவுது? எண்ணுனா அடுத்தாப்ல தடைதான் வரும்" என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அவனுக்கு அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு பழைய புத்தகங்களையும் குறிப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை கரையை ஒட்டி 21 தீவுகள். நம் ஊர்ப் பக்கம் வான் தீவு, கோசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குசல்லி. அடுத்து வேம்பார்ப் பக்கம் மூன்று, கீழக்கரைப் பக்கம் ஏழு, மண்டபம் பக்கம் ஏழு. இந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர். இதைத்தான் 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989இல் இதை நடுவில் வைத்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். இந்தக் கடலில் 4,223 வகை உயிர்கள் இருப்பதாக வனத்துறை ஆவணங்கள் சொல்கின்றன. பழைய ஆவணங்களில் 3,600 என்று இருக்கும்.

நாளிதழில் இந்த எண்ணைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 4,223 என்று யார் எண்ணினார்கள்? அதற்கு யார் கூலி கொடுத்தார்கள்? எதற்காகக் கொடுத்தார்கள்? கதை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடலில் முதலில் எண்ணப்பட்டது முத்துச்சிப்பி. கொற்கை காலத்திலிருந்தே இது முத்துக்குப் பேர்போன கடல். பாண்டியர், போர்ச்சுக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறினார்கள். முத்தின் மேல் எல்லோருக்கும் ஒரே கண்தான். ஆனால் முத்துச்சிப்பி வருடா வருடம் விளைவதில்லை. பத்து வருடம் ஒன்றுமே இல்லாமல் போகும், திடீரென்று பார் நிறைய சிப்பி கிடக்கும். (கடலுக்கடியில் பாறை பரவிய இடத்தை நம் ஊரில் பார் என்போம். தொலையிரம் பார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.)

அதனால் சலாபம் அறிவிப்பதற்கு முன்னால் பார்களைச் சோதிக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் அதிகாரி ஒருவர் குளியாளிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். இடத்துக்கு இடம் குளியாளி இறங்கி, எத்தனை சிப்பி இருக்கிறது, என்ன வயதுச் சிப்பி, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவந்து சொல்வார். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவந்து கரையில் அழுகவைத்துக் கழுவுவார்கள். கிடைத்த முத்தை வியாபாரிகள் மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து தேறும் என்று கணக்கு வந்தால்தான் சலாபம். இல்லாவிட்டால் அந்த வருடம் கடல் சும்மா கிடக்கும்.

கவனியுங்கள். இன்றைக்கு என் மாணவனின் வல்லத்தில் போகிறவர்கள் செய்கிற வேலையும் இதேதான். குறிப்பிட்ட இடத்தில் இறங்கு, எண்ணு, எழுது, அடுத்த இடத்துக்குப் போ. அன்றைக்கு டேப்பும் சிலிண்டரும் இல்லை. காலில் ஒரு கல், கையில் ஒரு கயிறு, நெஞ்சில் அடக்கிய மூச்சு. அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் காலச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அரசாங்கம் எதற்கெல்லாம் காசு கொடுத்தது தெரியுமா? சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவர் கரையில் இருந்தால்தான் குளியாளிகள் இறங்குவார்கள். இலங்கைப் பக்கம் அந்த மந்திரக்காரருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்திருக்கிறது. சலாபம் நடக்க வேண்டும், வருமானம் வர வேண்டும். அதற்குத் தேவை என்றால் மந்திரத்துக்கும் பணம் இருந்தது.

உயிரியல் ஆராய்ச்சிக்கு எப்போது பணம் வந்தது என்று பார்த்தால், முத்து கிடைக்காமல் போனபோதெல்லாம் வந்திருக்கிறது. 1857இல் இலங்கை அரசாங்கம் கெலார்ட் என்ற மருத்துவரை முத்துச்சிப்பியைப் பற்றி ஆராய அமர்த்தியது. அவர் மூன்று வருடத்தில் இறந்துபோனார். 1889இல் தூத்துக்குடியில் சலாபம் நடந்தபோது சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதை நேரில் பார்த்து எழுதினார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிப் பின்னால் ஏழு தொகுதி எழுதினாரே, அதே தர்ஸ்டன்தான். முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதிய 1890ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே மன்னார் வளைகுடாவின் மற்ற உயிர்களையும் பட்டியல் போட்டார். முத்தைப் பார்க்க வந்த இடத்தில் மற்றதும் கண்ணில் பட்டது.

பெரிய பணம் 1902இல் வந்தது. இலங்கைப் பக்கம் 1891க்குப் பிறகு பல வருடங்களாகச் சலாபமே இல்லை. கருவூலத்துக்கு நட்டம். அரசாங்கம் லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். லேடி ஹேவ்லாக் என்ற நீராவிக் கப்பலில் ஏறி, பார் பாராகக் கடலின் அடியை வாரி எடுத்தார்கள். ஹெர்ட்மன் சில மாதத்தில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கி வேலையைத் தொடர்ந்தார்.

அவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முத்துச்சிப்பி ஏன் காணாமல் போகிறது? ஆனால் வாரி எடுத்த பெட்டியில் சிப்பி மட்டுமா இருக்கும்? கடற்பஞ்சு, பவளம், நண்டு, புழு, நட்சத்திர மீன், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் எல்லாம் வந்தன. ஹெர்ட்மன் அவற்றை வீசி எறியவில்லை. வகைக்கு ஒருவராக அந்தந்தத் துறை வல்லுநர்களுக்கு அனுப்பினார். கடற்பஞ்சுகளை மட்டும் ஆர்தர் டெண்டி என்பவர் தனி நூல் அளவுக்கு 1905இல் எழுதிக்கொடுத்தார். இப்படி நாற்பது வரை துணை அறிக்கைகள் சேர்ந்தன. 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. மன்னார் வளைகுடாவின் முதல் பெரிய உயிர்க் கணக்கு அதுதான். அது முத்துக்குப் போட்ட காசில் வந்தது.

முத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1905இல் இலங்கைப் பக்கம் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்து 25 லட்சம்! ஆசை பெருகியது. 1906இல் ஒரு லண்டன் கம்பெனிக்கு வருடம் 3,10,000 ரூபாய் வாடகைக்கு, இருபது வருடத்துக்குப் பார்களைக் குத்தகை கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. சில வருடத்தில் கம்பெனியும் இல்லை. முத்து உண்டாவது ஒரு நாடாப்புழுவின் குஞ்சால்தான் என்று ஹெர்ட்மன் நம்பினார். பிற்கால ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. குத்தகை போயிற்று, அந்தக் கொள்கையும் போயிற்று. ஆனால் அந்த ஐந்து தொகுதிகளில் எழுதிவைத்த பெயர்ப் பட்டியல் நிற்கிறது. இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறைக்கு வந்தார், அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். தூத்துக்குடிச் சங்கைப் பற்றி 1914இல் எழுதினார், இந்திய முத்துக்குளிப்பைப் பற்றி 1922இல் எழுதினார். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 1927இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பு. கிரேவ்லி என்ற அருங்காட்சியகப் பொறுப்பாளர் முன்னின்று செய்தது. பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தீவு. அதில் அலை ஏறி இறங்கும் கரையில் என்னென்ன இருக்கிறது என்று பாசியிலிருந்து மீன் வரை எழுதினார்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு குருசடை என்றால் பெலனோகிளாசஸ் என்ற புழு ஞாபகம் வரும். முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் இடையில் வைத்துப் பாடம் நடத்துவார்களே, அதுதான். இந்த வேலைக்கு முத்தும் காரணமில்லை, சங்கும் காரணமில்லை. ஒரு இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே அரசாங்கம் செலவழித்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வம்.

சுதந்திரம் வந்தது. 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கி, இரண்டு வருடத்தில் மண்டபத்துக்கு வந்தது. தூத்துக்குடியிலும் ஆராய்ச்சி மையம் வந்தது. 1955 முதல் 1961 வரை நம் பக்கம் தொடர்ந்து சலாபம் நடந்தது. என் அப்பா அதில் குளித்தவர். கரையில் சிப்பி அழுகும் நாற்றத்தைப் பற்றி அவர் சொல்லும்போது எங்களுக்கே மூக்கைப் பொத்தத் தோன்றும். 1961 சலாபம்தான் கடைசி. இன்று வரை இந்தியப் பக்கம் இன்னொன்று நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சங்கடம் தொடங்கியது. முத்து இல்லாத பாரை யார் எண்ணுவார்? கடல் மீன்வள நிறுவனத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் போன்றவர்கள் மூச்சுக்கருவி கட்டிக்கொண்டு இந்தப் பார்களில் இறங்கி எழுதினார்கள். கோபிநாத பிள்ளை பவளப் பூச்சிகளை வகைப்படுத்தினார். தென்கிழக்குக் கரையில் 94 வகை என்று 1986இல் கணக்குத் தந்தார். கிடைத்த நிதியைக் கொண்டு பொறுமையாகச் செய்த வேலை.

1969 ஜனவரியில் மண்டபத்தில் ஒரு மாநாடு நடந்தது. பவளத்திட்டுகளைப் பற்றி உலகத்திலேயே முதல் சர்வதேச மாநாடு. பல நாட்டு அறிஞர்கள் நம் கரைக்கு வந்து பேசினார்கள். அதே ஆண்டுகளில் நம் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைக் கடப்பாறையால் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் தோணி தோணியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பவளக்கல் என்றே அதற்குப் பேர். வீடு கட்ட, ரோடு போட எல்லாவற்றுக்கும் அதுதான். அப்போது அது குற்றமில்லை. வயிற்றுப்பாடு. எங்கள் தெருவிலேயே பலர் அந்த வேலைக்குப் போனார்கள்.

பவளத்திட்டு என்பது தீவுக்கு வேலி. வேலியைப் பிடுங்கினால் அலை நேரே தீவில் அடிக்கும். நம் ஊர்ப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவு என்று இன்னும் எழுதுகிறோம். தண்ணீருக்கு மேல் தெரிவது 19தான். அந்த இரண்டு தீவின் மண்ணில் என்ன செடி முளைத்தது, கரையில் என்ன ஊர்ந்தது என்று இனிமேல் போய்ப் பார்க்க முடியாது. யாராவது எழுதிவைத்திருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

பூங்கா என்று அறிவித்தது 1986. அறிவிப்பு வேறு, பணம் வேறு. எண்ணுவதற்கு மறுபடியும் பெரிய பணம் வந்தது 2002இல். உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக எழுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. மத்திய, மாநில அரசுகளும் பங்கு போட்டன. அதைச் செலவழிக்க ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அமைந்தது. கிராமங்களுக்கு மாற்றுத்தொழில், ரோந்துப் படகு, ஆராய்ச்சி எல்லாம் அதில் அடங்கும். அந்தக் காலகட்டத்தில்தான் கணக்கெடுப்பு வேகம் பிடித்தது. நம் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தினர் 2003 முதல் 2005 வரை எல்லாத் தீவையும் சுற்றி இறங்கி, பவளத்தில் மட்டும் 117 வகை என்று கணக்குக் கொடுத்தார்கள்.

எண்ணுவதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று சிலர் கேட்பார்கள். படகு வாடகை, டீசல், சிலிண்டரில் காற்று, இறங்குகிறவருக்குச் சம்பளம், காப்பீடு. கடல் தெளிவாக இருக்கும் மாதங்களில் மட்டும்தான் இறங்க முடியும். கலங்கிவிட்டால் கூலி போனதுதான், வேலை நடக்காது. எடுத்துவந்ததை ஆய்வகத்தில் வைத்து இது இன்ன வகை என்று சொல்ல அந்தத் துறையில் ஊறியவர் வேண்டும். கடற்பஞ்சுக்கு ஒருவர், புழுவுக்கு ஒருவர். அப்படிப்பட்டவர்கள் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். மாதிரியைப் போட்டுவைத்த பாட்டிலைக்கூட வருடா வருடம் பார்த்துப் பராமரிக்க வேண்டும். இவ்வளவும் செய்து கடைசியில் கையில் வருவது ஒரு பட்டியல். பாலம் கட்டினால் திறப்பு விழா நடத்தலாம். பட்டியலுக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்?

சரி, பட்டியலால் என்ன பயன்? என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

ஒன்று. 1990களில் மண்டபம் பக்கம் வெளிநாட்டுப் பாசி ஒன்றை வளர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். கப்பாபைகஸ் என்று பெயர். பல பெண்களுக்கு அதில் வருமானம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008 வாக்கில் அது குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இது புதிதாக வந்தது, அங்கே முன்பு இருந்ததில்லை என்று எதை வைத்துச் சொல்வது? பழைய பட்டியல்களை வைத்துத்தான். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்தால்தானே புதிதாக நுழைந்தவரைக் கண்டுபிடிக்க முடியும்?

இரண்டு. 2016 கோடையில் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. உயிருள்ள பவளம் ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாகக் கணக்கெடுத்தார்கள். 39 என்ற முந்தைய எண் கையில் இல்லாவிட்டால் 23 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. டாக்டர் போன தடவை எடுத்த சுகர் ரிப்போர்ட்டைக் கேட்கிறாரே, அதுபோல.

மூன்று. நம் வான் தீவு. 1986இல் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அளந்துவைத்திருந்ததால்தான் அரசாங்கத்திடம் போய் நிற்க முடிந்தது. 2015 இறுதியிலிருந்து தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். தீவு தப்பியது. அடுத்து காரியாச்சல்லியைக் காப்பாற்றப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. விலாங்குசல்லிக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆனால் அவன் சொன்னதன் இரண்டாம் பாதியை நான் ஒதுக்கிவிட முடியாது. "எண்ணுனா அடுத்தாப்ல தடைதான் வரும்." அது பொய்யில்லை. 2001இல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, சில வகைச் சங்குகள் எல்லாம் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் ஏறின. நேற்று வரை அட்டை எடுத்துப் பிழைத்தவன் ஒரே நாளில் குற்றவாளி ஆனான். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போன பெண்களின் கதையும் அதேதான். பவளத்துக்குத் தடை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் போட்டவர்களும் தடை போட்டவர்களும் அந்தக் கடலில் பிழைப்பவர்களை உட்காரவைத்துப் பேசினார்களா? பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், வளரும் காலத்தில் தொட மாட்டோம் என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடலை அறிந்தவர்கள் அவர்கள்.

இந்த நூற்றைம்பது வருடக் கதையில் எனக்குத் தெரிகிற பெரிய குறை இதுதான். எண்ணுவதற்குக் காசு கொடுத்தவர் எதைக் கேட்டாரோ அதுதான் எண்ணப்பட்டது. அரசாங்கம் முத்தைக் கேட்டது, முத்தை எண்ணினார்கள். உலக நிதியம் அரிய உயிர்களைக் கேட்டது, அதை எண்ணினார்கள். நம்மைப் போன்ற கரைக்காரர்கள் எதையும் கேட்கவில்லை, அல்லது நம்மிடம் யாரும் கேட்கவில்லை. திருக்கையும் கிளாத்தியும் சிப்பியை உடைத்துத் தின்னும், சூரம் என்ற கருஞ்சிப்பி மேலே படர்ந்து முத்துச்சிப்பியை அமுக்கிவிடும் என்றெல்லாம் குளியாளிகள் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் கேட்டு எழுதினார்கள். சொன்ன குளியாளியின் பெயரை எழுதவில்லை. ஐந்து தொகுதியிலும் தலைப்பில் இருப்பது கப்பலில் வந்தவர்களின் பெயர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் வெறும் 'குளியாளிகள்'.

என் அப்பாவுக்கு எத்தனை வகைச் சங்கு, சிப்பியின் பெயர் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார். ஊரார் பிள்ளைகளுக்கு நோட்டு எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்த அப்பாவிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கத் தோன்றவில்லை.

இன்னொரு தேசத்தில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலை என்று ஒரு தேசியப் பூங்கா. அங்கே 1998இல், பூங்காவில் உள்ள எல்லா உயிரையும் எண்ணிவிடுவோம் என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். முழுப் பணத்தையும் அரசாங்கம் கொட்டவில்லை. பூங்காவை நேசிப்பவர்களின் சங்கங்கள், சின்னச் சின்ன நன்கொடைகள், சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்று ஊர்கூடித் தேர் இழுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்கூட அதில் உண்டு. இருபதாயிரத்துக்கு மேல் உயிர்கள் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றில் ஆயிரத்துக்கு மேல் அறிவியலுக்கே புதியவை.

நம்மாலும் முடியும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய கேள்விகளுக்கு அரசாங்கமும் ஆராய்ச்சி நிறுவனங்களும் செலவழிக்கட்டும். ஐந்து வருடத் திட்டம் முடிந்ததும் நிறுத்திவிடாமல், சம்பளப் பட்டுவாடா போல வருடா வருடம் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கட்டும். பூங்காவுக்குப் பக்கத்தில் பெரிய துறைமுகமும் மின்நிலையங்களும் ஆலைகளும் இருக்கின்றன. இந்தக் கடலால் பிழைக்கிற எல்லோரும் ஒரு பங்கு போடலாம். எண்ணப் போகிற படகில் ஊர் ஆள் ஒருவர் கூலிக்கு ஓட்டுபவராக மட்டும் இல்லாமல், பெயர் சொல்லும் ஆளாகவும் இருக்கட்டும். அறிக்கையில் அவர் பெயரும் வரட்டும்.

பள்ளிகள் கரையிலிருந்தே தொடங்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கரையில் ஒதுங்கிக் கிடப்பதில் உயிரோடு இருப்பதைத் தொடாமல், பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். நாற்பத்தொரு பெயர் வந்தது. எல்லாம் அவர்கள் வீட்டில் சொல்லும் பெயர். ஐவிரல் சங்கு, பால்சங்கு, யானைமுள்ளி, இன்னும் எனக்கே தெரியாத பல. பாடத்திட்டத்தில் இல்லாததைச் செய்ததற்குப் பேச்சு வாங்கினேன், அது வேறு கதை. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

போன வாரம் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கத்தில் கோணல்மாணலாக அவன் கையெழுத்தே இருந்தது. வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இதுல பாதி இப்பக் கரையில ஒதுங்குறதே இல்ல டீச்சர்" என்றான்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இதுல எழுதிருக்குல்லா" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

"எழுதினதாலதானய்யா தெரியுது. இனி உன் படகுல வாரவங்க எழுதும்போது சும்மா பாத்துக்கிட்டு இருக்காத. நம்ம ஊர்ப் பேரையும் சொல்லி எழுதச் சொல்லு. தடை போட வரும்போது, எங்களையும் கேட்டுத்தான் எண்ணுனீங்க, இப்பவும் எங்களைக் கேளுங்கன்னு சொல்றதுக்கு அதுதான் பிடிமானம்" என்றேன். தலையாட்டினான். எவ்வளவு ஒத்துக்கொண்டான் என்று தெரியாது. ஆனால் போகும்போது நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத்தரச் சொல்லிக் கேட்டான்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் சங்கு குளித்தவர், வலை வளைத்தவர், பாசி எடுத்தவர் யாராவது பெரியவர் இருந்தால், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இன்று சாயங்காலமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கேட்ட பெயர்களை இங்கேயும் எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு. நானும் என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்